எபிடாரஸ்ல ராத்திரி கிரேக்க நாடகம் பாக்கணுமா? விசாவுல ஆரம்பிச்சு திரும்பி வர்ற பஸ் வரைக்கும்

கிரீஸ் டூர் போறவங்க நிறைய பேர் எபிடாரஸ்ல இருக்கற பழங்காலத்து திறந்தவெளி கல் தியேட்டர பகல்ல பாக்கறாங்க. டூர் பஸ்ல இறங்கி, நடு வட்டத்துல நின்னு கைதட்டி, சத்தம் மேல வரைக்கும் போகுதான்னு பாத்துட்டு, வெயில் தாங்காம கிளம்பிடுவாங்க. அதே கல் படிக்கட்டுல ராத்திரி ஆயிரக்கணக்கான ஜனத்தோட உக்காந்து நாடகம் பாக்கறது முற்றிலும் வேற சமாச்சாரம். வருஷா வருஷம் கோடையில நடக்குது, யார் வேணா டிக்கெட் வாங்கலாம். ஆனா இந்தியாவுல இருந்து போறவங்களுக்கு வரிசையா எதை எப்போ பண்ணணும்னு ஒரே இடத்துல எங்கயும் எழுதி வைக்கல, நான் பத்து பக்கத்துல பொறுக்கி, போற வழியெல்லாம் ஆள் ஆளா கேட்டு ஒப்பேத்தினேன், நீங்களும் அப்படி அலைய வேணாம்னுதான் இது.

ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன். டிக்கெட் வாங்கறது இதுல ரொம்ப ஈஸியான வேலை. விசா, திரும்பி வர்ற வண்டி, கதை தெரியாம போய் உக்காந்துடறது, இந்த மூணுலதான் ஆளுங்க மாட்டறாங்க.

1. மொதல்ல நாடகத்த முடிவு பண்ணுங்க, அப்புறம் தேதி

ஏதென்ஸ் எபிடாரஸ் ஃபெஸ்டிவல்னு ஒரே அமைப்புதான் நடத்துது. எபிடாரஸ் பெரிய தியேட்டர்ல நாடகம் பெரும்பாலும் வெள்ளி, சனி ராத்திரி 9 மணிக்கு, ஜூன் கடைசி அல்லது ஜூலை ஆரம்பத்துல தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரைக்கும். ஒரு நாடகம் ஒரு வாரக்கடைசிதான், அடுத்த வாரம் வேற குழு வேற நாடகம். அதனால "ஆகஸ்ட்ல எப்பயாவது போலாம்"னு ஃப்ளைட் போட்டுட்டு அப்புறமா ஃபெஸ்டிவல் லிஸ்ட்ட திறந்தீங்கன்னா, நீங்க இருக்கற செவ்வாய் புதன்ல ஒண்ணும் இருக்காது.

லிஸ்ட் பாக்கறப்போ கவனிக்க வேண்டியது:

எழுதினவர் பேரையும் பாருங்க. எலெக்ட்ரான்னு சோஃபக்ளிஸும் எழுதியிருக்கார், யூரிபிடிஸும் எழுதியிருக்கார், ரெண்டும் வேற நாடகம். இடிபஸ்லயும் சோஃபக்ளிஸுக்கே ரெண்டு இருக்கு, ஒண்ணு ராஜாவா இருக்கறப்போ, இன்னொண்ணு கண்ணு போன கிழவனா கொலோனஸ்ங்கற ஊருக்கு வர்றப்போ. இஃபிஜீனியாவும் அப்படித்தான், ஆலிஸ்ல ஒண்ணு, டாரிஸ்ல ஒண்ணு. தப்பான புக்க படிச்சுட்டு போய் உக்காந்தா மேடையில யாரு யாருன்னே புரியாது.

மொத தடவைன்னா ட்ராஜடி எடுங்க, காமெடி வேணாம். அரிஸ்டோஃபனிஸ் காமெடிய இப்போ போடறப்போ இன்னைக்கு கிரீஸ் அரசியல்வாதிங்கள கிண்டல் பண்ற மாதிரி வசனத்த மாத்திடுவாங்க, சுத்தி எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க, நாம மட்டும் பேந்தப் பேந்த முழிச்சுட்டு இருக்கணும்.

தியேட்டர் ரெண்டு இருக்கு. கடலோரத்துல பழைய எபிடாரஸ்னு ஒரு கிராமம், அங்க சின்ன தியேட்டர் ஒண்ணு இருக்கு, அதுலயும் இதே ஃபெஸ்டிவல் நிகழ்ச்சி நடத்துது. பெரிய தியேட்டர் இருக்கறது லிகூரியோங்கற ஊருக்கு பக்கத்துல, அஸ்கிலேபியஸ்ங்கற வைத்தியக் கடவுளோட கோயில் வளாகத்துல. ரெண்டுக்கும் நடுவுல நடந்து போற தூரம் இல்ல. டிக்கெட்லயும் பஸ்லயும் ரெண்டு இடத்துலயும் இது எந்த எபிடாரஸ்னு பாத்துக்கோங்க.

முழு லிஸ்ட் வசந்த காலத்துக்குள்ள வந்துடும். வந்த உடனே ஒரு வாரக்கடைசிய பிடிச்சு வெச்சுக்கோங்க, மத்த எல்லாத்தையும் அத சுத்திதான் போடணும். ஆகஸ்ட் 15 மாதா பண்டிகை, கிரீஸ்ல பெரிய லீவு, மொத்த ஏதென்ஸும் ஊருக்கு கிளம்பும், ரூம் விலை ஏறும், ரோடு அடைக்கும். அந்த வாரத்த தவிர்த்துட்டா பாதி தலைவலி குறையும்.

2. விசா: பணத்த விட நாள்தான் முக்கியம்

இந்தியன் பாஸ்போர்ட்னா ஷெங்கன் விசா வேணும், ஐரோப்பாவுல பல நாட்டுக்கும் சேத்து ஒரே விசா அது. பயணத்துக்கு 6 மாசம் முன்னாடியில இருந்து அப்ளை பண்ணலாம், கடைசி எல்லை 15 நாள் முன்னாடி. பேப்பர்ல 15 நாள்ல முடிவு சொல்லணும்னு இருக்கு, கூடுதல் விசாரணைன்னா 45 நாள் வரைக்கும் இழுக்கலாம். இதெல்லாம் அப்பாயின்ட்மென்ட் கிடைச்ச பிறகு நடக்கற கணக்கு. கோடை நெருங்க நெருங்க அப்பாயின்ட்மென்டே கிடைக்காது, எல்லாரும் ஏப்ரல் மே லீவுக்கும் அதுக்கப்புறத்துக்கும் ஒரே நேரத்துல மோதுவாங்க. ஜூலை நாடகத்துக்கு பிப்ரவரி மார்ச்லயே வேலைய ஆரம்பிங்க.

கட்டணம் பெரியவங்களுக்கு 90 யூரோ, 6 வயசுல இருந்து 12 வயசுக்குள்ள இருக்கற குழந்தைங்களுக்கு 45, அதுக்கும் கீழன்னா கட்டணம் இல்ல. இது 2024 ஜூன்ல ஏத்தின ரேட். இதுக்கு மேல விசா சென்டரோட சர்வீஸ் சார்ஜ் தனி. ரிஜெக்ட் ஆனா எதுவும் திரும்ப வராது.

எடுத்துட்டு போக வேண்டிய பேப்பர்:

- பாஸ்போர்ட். நீங்க ஐரோப்பாவ விட்டு கிளம்பற தேதிக்கு அப்புறம் குறைஞ்சது 3 மாசம் செல்லுபடி இருக்கணும், 10 வருஷத்துக்குள்ள கொடுத்ததா இருக்கணும், ரெண்டு பக்கமாவது காலியா இருக்கணும்.
- ஷெங்கன் சைஸ் போட்டோ, 35க்கு 45 மில்லிமீட்டர்.
- டிராவல் இன்சூரன்ஸ், குறைஞ்சது 30,000 யூரோ மருத்துவ கவர். கிளம்பற நாள்ல இருந்து வீடு திரும்பற நாள் வரைக்கும் ஒரு நாள் கூட விடுபடக்கூடாது.
- போக வர ஃப்ளைட் ரிசர்வேஷன், எல்லா ராத்திரிக்கும் ரூம் புக்கிங்.
- பேங்க் ஸ்டேட்மென்ட், ஐடி ரிட்டர்ன், சம்பளச் சீட்டு, ஆபீஸ்ல இருந்து லீவ் லெட்டர். சொந்தத் தொழில்னா ஜிஎஸ்டி இல்லன்னா ரெஜிஸ்ட்ரேஷன் பேப்பர்.
- கவர் லெட்டர். எந்தெந்த நாள் எந்தெந்த ஊர்னு ஒரு அட்டவணை.

இந்த கவர் லெட்டர்லதான் நாடக டிக்கெட் உதவுது. "சுத்திப் பாக்க"ன்னு பொதுவா எழுதறதுக்கு பதிலா, இந்தத் தேதி இந்த தியேட்டர்ல இந்த நாடகம், டிக்கெட் இணைச்சிருக்கேன், அந்த ராத்திரி பக்கத்து ஊரான நாப்லியோல இந்த ரூம்னு எழுதினா ஒண்ணுக்கொண்ணு ஒட்டும். விசா வர்றதுக்கு முன்னாடி டிக்கெட் வாங்கினா காசு போயிடாதான்னு கேப்பீங்க. போகலாம்தான். ஆனா மேல் வரிசை டிக்கெட் விசா கட்டணத்துக்கு முன்னாடி சின்ன தொகை, நல்ல நாடகம்னா விசா வர்ற வரைக்கும் நல்ல சீட் காத்துட்டும் இருக்காது. நான் வாங்கிடுங்கன்னுதான் சொல்வேன். ரூம மட்டும் இலவசமா கேன்சல் பண்ற மாதிரி போடுங்க.

நம்மாளுங்களுக்குன்னே ஒரு தனி பிரச்சன இருக்கு, இனிஷியல். பாஸ்போர்ட்ல அப்பா பேரு சர்நேம் கட்டத்துல விரிஞ்சு இருக்கும், இல்லன்னா சர்நேம் கட்டமே காலியா இருக்கும், ஆனா பேங்க் ஸ்டேட்மென்ட்ல வெறும் இனிஷியல், ஐடி ரிட்டர்ன்ல பேரு திருப்பிப் போட்டிருக்கும். ஃப்ளைட், இன்சூரன்ஸ், ரூம் மூணுலயும் பாஸ்போர்ட்ல உள்ள மாதிரியே எழுத்துக்கு எழுத்து போடுங்க. பேங்க் பேப்பர்ல மாறி இருந்தா "இந்தப் பேரும் இந்தப் பேரும் நான்தான்"னு கவர் லெட்டர்லயே ஒரு வரி சேத்துடுங்க. கவுன்ட்டர்ல நிக்கறப்போ இத விளக்கறது ரொம்ப கஷ்டம், எதிர்ல இருக்கறவங்களுக்கு செக் லிஸ்ட் மட்டும்தான் தெரியும்.

இன்னொரு பொறி: கிரீஸோட இத்தாலியையும் சேக்கறீங்கன்னா, எந்த நாட்டுல அதிக நாள் தங்கறீங்களோ அந்த நாட்டு விசாவுக்குதான் அப்ளை பண்ணணும். நாள் சமம்னா மொதல்ல எதுல நுழையறீங்களோ அது.

3. டிக்கெட்: காஸ்ட்லி சீட் வேண்டாம்

ஃபெஸ்டிவல் வெப்சைட்லயே ஆங்கிலத்துல வாங்கலாம், டிக்கெட் மெயில்ல வரும். நம்ம கார்டுல வெளிநாட்டு பரிவர்த்தனைய ஆப்ல ஆன் பண்ணிட்டு உக்காருங்க, 2020க்கு அப்புறம் வந்த கார்டுல அது ஆஃப்லதான் இருக்கும். பேங்க் மாத்துக் கூலின்னு மூணு மூணரை சதவீதம் போடும், அதையும் கணக்குல வைங்க.

சீட் எப்படி தேர்ந்தெடுக்கறது? தியேட்டர்ல மொத்தம் 55 வரிசை, நடுவுல ஒரு நடைபாதை குறுக்க போகுது, கீழ 34, மேல 21. மேல் பகுதிய பின்னாடி சேத்ததா சொல்றாங்க. விலை கீழ இருந்து மேல போகப் போக பல மடங்கு குறையும். கீழ முன் வரிசையில உக்காந்தா நடிகர் முகம் தெரியும், சரி. ஆனா இந்த நாடகமெல்லாம் முகத்துக்காக எழுதினது இல்ல, அந்தக் காலத்துல முகத்துல முகமூடி. கீழ இருக்கற வட்டத் தரையில, ஆர்கெஸ்ட்ரால, கோரஸ்ங்கற பாடி ஆடற குழு கூட்டமா ஆடறதுதான் பாதி நாடகம், அவங்க வட்டம் கட்டறதும் உடையறதும் ரெண்டா பிரியறதும் மேல இருந்து பாத்தாதான் தெரியும். என் கணக்குல கீழ் பகுதியோட பின் வரிசை, இல்லன்னா மேல் பகுதியோட முன் வரிசை, நடு பிளாக். ஓரத்து பிளாக் எவ்வளவு மலிவா இருந்தாலும் விட்டுடுங்க, மேடை பக்கவாட்டுல தெரியும், சப்டைட்டில் ஸ்கிரீனும் சாய்வா தெரியும்.

மேல ஏர்றது செங்குத்து, பிடிக்க கம்பி கிடையாது. முட்டி வலி இருக்கற அப்பா அம்மாவ கூட்டிட்டு போனா கீழ்ப் பகுதிக்கே வாங்கிடுங்க, இதுல மிச்சம் பிடிக்காதீங்க. சின்னக் குழந்தைங்கள உள்ள விடறதில்ல, வயசு விதிய வாங்கற பக்கத்துலயே படிச்சுடுங்க.

4. எங்க தங்கறது, எப்படி திரும்பறது

நாடகம் முடிய ராத்திரி 11 ஆகும், சிலது அதுக்கும் மேல. தியேட்டர் பைன் மரக்காட்டுக்கு நடுவுல இருக்கு, வாசல்ல டாக்ஸி ஸ்டாண்டெல்லாம் கிடையாது, ஆப்ல தட்டினா வண்டி வர்ற ஊரும் இல்ல அது. ஆகவே டிக்கெட் வாங்கின அன்னைக்கே திரும்பற வழியையும் முடிவு பண்ணுங்க. மூணு வழி இருக்கு.

முதல் வழி, ஏதென்ஸ்ல தங்கி அன்னைக்கே போய்ட்டு வர்றது. ஆர்கோலிடா பகுதி பஸ் கம்பெனி, அங்க கேடெல்னு சொல்வாங்க, நாடக நாள்ல ஏதென்ஸ் கிஃபிஸோஸ் பஸ் ஸ்டாண்டுல இருந்து ஸ்பெஷல் பஸ் விடறாங்க. சாயங்காலம் கிளம்பி, நாடகம் முடிஞ்சதும் அதே பஸ் திரும்பும். ஒரு வழி ரெண்டு மணி நேரத்துக்கு மேல, சுமார் 150 கிலோமீட்டர். ஏதென்ஸ் வந்து சேர நடுராத்திரி தாண்டிடும், கிஃபிஸோஸ்ல மெட்ரோ ஸ்டேஷன் கிடையாது, டாக்ஸிதான், அதுவும் 12 மணியில இருந்து காலையில 5 வரைக்கும் ராத்திரி ரேட். மறுநாள் காலையில ஃப்ளைட் வெச்சுடாதீங்க.

ரெண்டாவது வழி, நாப்லியோல ரெண்டு ராத்திரி தங்கறது. நான் இததான் சொல்வேன். அழகான துறைமுக ஊர், தியேட்டருக்கு அரை மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. நாடக நாள்ல அங்க இருந்தும் பஸ் போய்ட்டு திரும்புது. ஏர்போர்ட்ல இறங்கினதும் எக்ஸ் 93 நம்பர் பஸ் நேரா கிஃபிஸோஸ் ஸ்டாண்டுக்கு போகும், 5.50 யூரோ, ஊருக்குள்ளயே போக வேணாம். ஏதென்ஸ் நடுவுல இருக்கீங்கன்னா ஓமோனியா பக்கத்துல இருந்து 051 சிட்டி பஸ். கிஃபிஸோஸ்ல இருந்து நாப்லியோவுக்கு தினமும் பல பஸ், ஒரு வழி 15 யூரோவ ஒட்டி வரும்.

மூணாவது, வாடகைக் கார். வசதிதான், ஆனா இந்தியன் லைசென்ஸ் மட்டும் போதாது, இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வேணும். ஆர்டிஓல பாஸ்போர்ட், விசா, டிக்கெட் காப்பி வெச்சு அப்ளை பண்ணணும், 1,000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். விசா வந்த பிறகு இதுக்குன்னு ஒரு வாரம் ஒதுக்கி வைங்க. நாடகம் முடிஞ்சதும் எல்லா காரும் ஒரே வாசல்ல வெளிய வரும், அவசரப்பட்டு பிரயோஜனம் இல்ல. அப்புறம், அங்க ஸ்டியரிங் இடது பக்கம், வண்டி ஓட்டறது வலது பக்கம், ராத்திரி மலை ரோடு. நல்லா யோசிச்சுக்கோங்க.

ஸ்பெஷல் பஸ் டைம் ஒவ்வொரு சீசனுக்கும் புதுசா போடுவாங்க, போன வருஷம் யாரோ எழுதி வெச்சத நம்பாம பஸ் கம்பெனி பக்கத்துலயே பாருங்க. ஊர் பேர கிரேக்க எழுத்துல ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க, பஸ் நெத்தியில ஆங்கிலம் இருக்கும்னு உத்தரவாதம் இல்ல. சாதாரண நாள் எபிடாரஸ் பஸ்ஸுல ஏறினா அது கடலோர கிராமத்துல கொண்டு போய் விடலாம், தியேட்டர் போகுமான்னு டிரைவர்கிட்ட கேட்டுட்டே ஏறுங்க.

5. ஹோம்வொர்க்: இத பண்ணலைன்னா மத்ததெல்லாம் வீண்

நாடகம் நவீன கிரேக்க மொழியில நடக்கும், பழைய கிரேக்கத்துல இருந்து மொழிபெயர்த்தது. ஓரத்துல ஸ்கிரீன்ல ஆங்கில சப்டைட்டில் ஓடும். கதை தெரியாம போனா ரெண்டு மணி நேரம் ஸ்கிரீன் படிச்சுட்டே இருப்பீங்க, மேடைய பாக்கவே மாட்டீங்க. அதனால நாடகத்த ஆங்கிலத்துல ஒரு தடவையாவது முழுசா படிங்க. ஒரு நாடகம் ஆயிரத்து சொச்சம் வரிதான், ஒரு சாயங்காலம் போதும். முடிவு தெரிஞ்சுட்டா சுவாரசியம் போயிடும்னு நினைக்காதீங்க, அந்தக் காலத்து ஜனத்துக்கே மெடியா யாரு, இடிபஸ் என்ன பண்ணான்னு எல்லாம் தெரியும், எப்படி சொல்றாங்கன்னு பாக்கத்தான் வந்தாங்க. யூரிபிடிஸ் பல நாடகத்துல ஆரம்பத்துலயே ஒரு ஆளு வந்து நடந்ததையெல்லாம் சொல்லிடுவார், சில நாடகத்துல நடக்கப் போறதையும் சேத்து.

ஹிஸ்டரி ஒரு பாரா போதும். கி.மு. 6ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ்ல, டயோனிசஸ் சாமி திருவிழாவுல கூட்டமா பாடி ஆடிட்டு இருந்தாங்க. தெஸ்பிஸ்னு ஒருத்தர் அந்தக் கூட்டத்துல இருந்து தனியா பிரிஞ்சு பேச ஆரம்பிச்சார்னு வழிவழியா சொல்றாங்க, சுமார் கி.மு. 534. எஸ்கைலஸ் ரெண்டாவது நடிகர கொண்டு வந்தார், சோஃபக்ளிஸ் மூணாவது நடிகரன்னு அரிஸ்டாட்டில் எழுதி வெச்சிருக்கார். அதோட நின்னுடுச்சு. ட்ராஜடிக்கு மூணு நடிகர்தான், எல்லாரும் ஆம்பளைங்க, முகமூடி மாத்தி மாத்தி எல்லா வேஷத்தையும் போடணும். வசந்த காலத் திருவிழாவுல போட்டி, ஒரு எழுத்தாளர் மூணு ட்ராஜடி, அதுக்கப்புறம் கூத்தடிக்கற மாதிரி ஒரு சாட்டிர் நாடகம், ஒரே நாள்ல. கோரஸுக்கு பயிற்சி, துணிமணி செலவெல்லாம் ஊர்ல ஒரு பணக்காரர் தலையில கட்டிடுவாங்க. கி.மு. 472ல எஸ்கைலஸுக்கு செலவு பண்ணவர் பெரிக்ளிஸ், பின்னாடி ஏதென்ஸையே நடத்தினாரே அவரேதான்.

இப்போ நாடகம் பாக்கறப்போ குழப்பற விஷயங்கள். இதுல எதுவுமே டைரக்டரோட கோளாறு இல்ல, நாடகம் கட்டியிருக்கற விதமே அப்படி.

கோரஸ் வந்தா நாடகம் நின்னுடுச்சுன்னு தோணும். திரை கிடையாது, லைட் ஆஃப் கிடையாது, காட்சிக்கும் காட்சிக்கும் நடுவுல கோரஸ் பாட்டுதான் பிரிக்குது. மொதல்ல ஒண்ணு ரெண்டு பேர் பேசுவாங்க, அப்புறம் கோரஸ் ரெண்டு பக்க வழியா உள்ள வரும், அந்த வழிக்கு பரோடோஸ்னு பேரு, எபிடாரஸ்ல ரெண்டு பக்கமும் கல் வாசல் நிக்குது, கண்டிப்பா கவனிங்க. அதுக்கப்புறம் பேச்சு, பாட்டு, பேச்சு, பாட்டு. உள்ள வந்த கோரஸ் பொதுவா கடைசி வரைக்கும் வெளிய போகாது. மொதல்ல 12 பேரா இருந்த கோரஸ சோஃபக்ளிஸ் 15 ஆக்கினார்னு சொல்வாங்க, காமெடிக்கு 24. இப்போ டைரக்டர் இஷ்டம். கோரஸ் பாடற நேரத்துல சப்டைட்டில விட்டுடுங்க, ஏற்கனவே படிச்சாச்சுல்ல, வட்டத்தப் பாருங்க.

கொலை மேடையில நடக்காது. கதவுக்குப் பின்னாடி அலறல் கேக்கும், அப்புறம் ஒரு தூதுவன் வந்து நின்ன இடத்துலயே நின்னு நடந்தத ஒண்ணு விடாம சொல்லுவான். சினிமா பழக்கத்துல "எப்போடா காட்டுவாங்க"ன்னு காத்துட்டு இருப்போம், காட்ட மாட்டாங்க, அந்தப் பேச்சுதான் நாடகத்தோட உச்சம். யூரிபிடிஸோட மெடியா நாடகத்துல ராஜகுமாரி விஷம் தடவின உடைய போட்டு எரிஞ்சு சாகறது முழுக்க தூதுவன் வாயாலதான் வரும். நல்ல நடிகர் சொன்னா தியேட்டரே மூச்சு விடாது. அது எந்த இடத்துல வருதுன்னு படிக்கறப்பவே குறிச்சு வெச்சுக்கோங்க. அஜாக்ஸ்ங்கற நாடகத்துல மட்டும் ஹீரோ நம்ம கண்ணு முன்னாடியே கத்தி மேல விழற மாதிரி எழுதியிருக்கு, அது அபூர்வம்.

செத்தவங்கள காட்டணும்னா கதவ திறந்து சக்கரம் வெச்ச ஒரு பலகைய வெளிய தள்ளுவாங்க. சாமி வரணும்னா கிரேன்ல தொங்க விடுவாங்க. மெடியா கடைசியில சூரியன் குடுத்த தேர்ல உயரத்துல நின்னு பேசிட்டு தப்பிச்சுப் போவா, இப்படி முடிச்சது சரியில்லன்னு அரிஸ்டாட்டிலே குறை சொல்லியிருக்கார். அந்த நாடகம் போட்டியில இருந்த வருஷம், கி.மு. 431, யூரிபிடிஸுக்கு மூணாவது இடம், அதாவது கடைசி. இன்னைக்கு எபிடாரஸ்ல மெடியான்னு போட்டா சீட் கிடைக்காது.

ஒரு பாத்திரம் காரணமே இல்லாம உள்ள போயிடும், கொஞ்ச நேரத்துல வேற ஒருத்தர் வருவார். மூணு நடிகர் கணக்குதான் அது, உள்ள போனவர் முகமூடி மாத்திட்டு இருக்கார். இப்போ ஆளுக்கு ஒரு நடிகர், பொம்பளை வேஷத்துக்கு பொம்பளைங்க, முகமூடியும் பெரும்பாலும் கிடையாது, ஆனா எழுத்துல அந்த எலும்புக்கூடு அப்படியே இருக்கு. ரெண்டு பேர் ஆளுக்கு ஒரு வரியா வேகமா அடிச்சுக்கற இடமும் வரும், அங்க சப்டைட்டில் பறக்கும், பிடிக்க முயற்சி பண்ணாதீங்க, குரல கேளுங்க.

அப்புறம், இதெல்லாம் பட்டப் பகல்ல போட்ட நாடகம். ஆன்டிகனிங்கற நாடகத்துல கோரஸ் உள்ள வர்றப்போ உதிக்கற சூரியனப் பாத்துதான் பாட ஆரம்பிக்கும். நீங்க பாக்கறப்போ மணி ராத்திரி ஒன்பதரை. சிரிக்காதீங்க. இன்னொண்ணு, சோஃபக்ளிஸும் யூரிபிடிஸும் கி.மு. 406லயே போய்ட்டாங்க, எபிடாரஸ் தியேட்டர கட்டினது அந்த நூற்றாண்டுக்கு அடுத்த நூற்றாண்டோட பிற்பகுதியில, அவங்க இந்த இடத்த பாத்ததே இல்ல.

6. நாடக நாள்

செருப்பு: தட்டையானது. ஹீல்ஸ் போட்டுட்டு வந்தா உள்ள விட மாட்டாங்க, கல்லு கெட்டுப் போகும்னு. புடவை கட்டிக்கலாம், படி செங்குத்துங்கறத மட்டும் ஞாபகம் வைங்க.

உக்கார: சின்ன குஷன் ஒண்ணு கையோட. பகல் முழுக்க காஞ்ச கல்லு ஆரம்பத்துல சூடா இருக்கும், இடைவேளை பெரும்பாலும் இருக்காது. மெல்லிசா ஒரு துப்பட்டா இல்லன்னா ஷால், ராத்திரி காத்து அடிக்கும். கொசு மருந்து.

சாப்பாடு உள்ள கொண்டு போக முடியாது, தண்ணி பாட்டில் போதும். முன்னாடியே சாப்பிட்டுடுங்க. சைவம்னா கவலைப்படாதீங்க, எண்ணெய்ல வேக வெச்ச பீன்ஸ், கத்தரிக்கா, பெரிய வெள்ளை மொச்சை, கீரைன்னு எல்லா டாவர்னாவுலயும், அதாவது அந்த ஊர் சாப்பாட்டுக் கடையில, கிடைக்கும். ஆகஸ்ட் 1ல இருந்து 14 வரைக்கும் மாதா பண்டிகைக்கு அவங்களே விரதம் இருக்கற காலம், அப்போ "நிஸ்டீசிமோ"ன்னு கேட்டீங்கன்னா கறி, பால், முட்டை இல்லாதத எடுத்துக் குடுப்பாங்க. ஆனா கணவாய், இறால் எல்லாம் அவங்க விரதத்துல சேரும், அத தனியா கேட்டுக்கோங்க.

குறைஞ்சது ஒரு மணி நேரம் முன்னாடி போய்டுங்க. பார்க்கிங்ல இருந்து மரங்களுக்கு நடுவுல நடக்கணும், அப்புறம் ஏறணும். ஆரம்பிச்ச பிறகு வந்தா உள்ள விடறது சந்தேகம்தான். பஸ் பார்க்கிங்ல ஒரே மாதிரி நிறைய பஸ் நிக்கும், இறங்கினதும் உங்க பஸ் நம்பர் பிளேட்ட போட்டோ எடுங்க, கிளம்பற நேரத்த டிரைவர்கிட்ட கேட்டு எழுதி வைங்க.

நாடக டிக்கெட்ல பகல் நேர தொல்லியல் வளாகமும் மியூசியமும் சேராது, அதுக்கு தனி டிக்கெட். ரெண்டையும் பாக்கணும்னா மறுநாள் காலையில வாங்க, நாடக நாள்ல வட்டத்துல செட் போட்டு மறைச்சிருப்பாங்க. கீழ ஒரு காசு போட்டா கடைசி வரிசை வரைக்கும் கேக்கும்னு கைடுங்க சொல்றத முழுசா நம்பாதீங்க, நெதர்லாந்து ஆராய்ச்சியாளருங்க 2017ல கருவி வெச்சு அளந்து, எல்லா சீட்டுக்கும் அப்படி கேக்காதுன்னு சொல்லிட்டாங்க. நல்லா எடுத்துப் பேசற குரல் மேல வரைக்கும் தெளிவா வரும், அது உண்மை.

போட்டோ கைதட்டற நேரத்துல எடுத்துக்கோங்க. நடுவுல ஃபோன் வெளிச்சம் தெரிஞ்சா பக்கத்துல இருக்கற கிரேக்கப் பாட்டிங்க சும்மா விட மாட்டாங்க.

7. ஏதென்ஸ்ல ஒரு நாள் மிச்சம் இருந்தா

இந்த நாடகமெல்லாம் மொதல்ல போட்ட இடம், ஏதென்ஸ் நடுவுல இருக்கற அக்ரோபோலிஸ்ங்கற கோட்டை மலையோட தெற்குச் சரிவுல இருக்கற டயோனிசஸ் தியேட்டர். அக்ரோபோலிஸ் டிக்கெட்லயே சேந்துடும், 2025 ஏப்ரல்ல இருந்து 30 யூரோ, நேர ஸ்லாட்டோட ஆன்லைன்ல வாங்கணும். தென்கிழக்கு வாசல் வழியா உள்ள போனா மொதல்ல வர்றதே இதுதான், மேற்கு வாசல்ல போனா மேல ஏறி இறங்கி களைச்சுப் போய் இத விட்டுடுவீங்க. கொஞ்சம் தள்ளி முழுசா கம்பீரமா நிக்கற பெரிய தியேட்டர் ஹெரோடஸ் அட்டிகஸ் கட்டினது, கி.பி. 2ஆம் நூற்றாண்டு, ரோமானியர் காலம், அத போட்டோ எடுத்துட்டு சோஃபக்ளிஸ் தியேட்டர்னு போடறவங்க நிறைய. டயோனிசஸ் தியேட்டர்ல இப்போ பாக்கற கல் சீட்டும் சோஃபக்ளிஸ், யூரிபிடிஸ் காலத்துக்கு அப்புறம் வந்ததுதான், அப்போ மரப் பெஞ்சு. முன் வரிசையில பளிங்கு நாற்காலி வரிசையா இருக்கும், நடுவுல செதுக்கு வேலையோட இருக்கறது டயோனிசஸ் கோயில் பூசாரியோடது. காலையில முதல் ஸ்லாட்டுக்கு போங்க, பத்து மணிக்கு மேல அந்தச் சரிவுல நிழலே கிடையாது.